நெத்திலி காயும் மணல்

வலையிலிருந்து ஐந்து கிலோவாக இறங்கும் நெத்திலி, காய்ந்து கோணிக்குள் போகும்போது ஒரு கிலோ சொச்சம்தான் தேறும். மீதி அத்தனையும் தண்ணீர். அந்தத் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது, எவ்வளவு வேகத்தில் வெளியேற்றுவது, எந்த இடத்தில் போட்டு வெளியேற்றுவது: கருவாட்டுத் தொழிலின் மொத்த அறிவும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். முதல் இரண்டுக்கும் வடசென்னைக் கடற்கரைப் பெண்கள் பல தலைமுறைக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள். மூன்றாவதற்கு அவர்கள் வைத்திருந்த விடைதான் இப்போது கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

காட்டுப்பள்ளி என்றதும் இன்று பலருக்கும் துறைமுகம்தான் நினைவுக்கு வருகிறது. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் சூழ, தெற்கே எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வடக்கே பழவேற்காட்டுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டு அது. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் கழி மீனும் கடல் மீனும் ஒருசேரக் கிடைத்த ஊர். அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் உப்பளங்கள் இருந்தன. மீனும் உப்பும் மணலும் வெயிலும் ஒரே இடத்தில் கூடிய ஊரில் கருவாடு பிறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நெத்திலியின் பயணத்தை வலையிலிருந்தே பார்ப்போம். விடியலுக்கு முன் போன ஃபைபர் படகு கரை ஏறியதும் வலையை உதறுகிறார்கள். கூடை கூடையாக ஏலம் போகிறது. பெரிய மீனும் நல்ல இறாலும் ஐஸ் பெட்டிக்குள் ஏறிக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடும். நெத்திலி, காரப்பொடி, கவலை, சின்ன வாளை போன்றவற்றுக்கு அந்த அவசரம் கிடையாது. அன்றைக்கு வரத்து குறைவாக இருந்தால் பச்சை மீனாகவே விற்றுவிடலாம். வரத்து கூடி விலை இறங்கிவிட்டால், பெண்கள் அதை மொத்தமாக எடுத்துக் கருவாட்டுக்குப் போடுவார்கள். கருவாட்டைக் கெட்டுப்போன மீனின் மிச்சம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கெட்ட மீனில் நல்ல கருவாடு வராது. வயிறு வெடித்த நெத்திலி காய்ந்தால் மஞ்சளோடிக் கசக்கும். விலை விழுந்த நாளில் மீனவக் குடும்பம் ஏமாந்துபோகாமல் காப்பாற்றியது கருவாடுதான். ஐஸும் குளிர்பதனக் கிடங்கும் வருவதற்கு முன்னால் அந்தக் கரைகளுக்கு இருந்த ஒரே சேமிப்பு வங்கி அது. அதன் கணக்கு முழுவதும் பெண்கள் கையில் இருந்தது.

மீன் செத்த நிமிடத்திலிருந்து காலம் ஓடத் தொடங்கிவிடுகிறது. பச்சை மீனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பாக்டீரியாவுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். ஈரம் கால் பங்குக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர முடியாமல் நின்றுவிடும். 15 சதவீதத்துக்கும் கீழே போனால் பூஞ்சையும் நிற்கும். வெயில் மட்டும் போதுமான சின்ன மீனுக்கு உப்பு தேவைப்படுவதில்லை. நெத்திலியைக் கடல் தண்ணீரில் அலசி அப்படியே பரப்பலாம். சிலர் உப்புத் தண்ணீரில் சற்று நேரம் போட்டு எடுப்பார்கள். கனமான மீன் வேறு கதை. அதன் நடுச்சதை காய்வதற்குள் உள்ளே அழுகிவிடும். அதனால் வாளையையும் சுறாவையும் வஞ்சிரத்தையும் குடல் எடுத்து, முதுகோரம் பிளந்து, சதையில் கீறல் போட்டு, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் தொட்டியில் அடுக்குகிறார்கள். உப்பு மீனின் தண்ணீரை இழுக்கும். மீன் தன் தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து எடுத்துக் கழுவி வெயிலில் போட்டால்தான் கருவாடு.

இந்த உப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட கண்ணீர்க் கதை இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கருவாட்டைப் பேசக் கூடாது.

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பிறகு வரி ஏறி, 1888இல் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாய் ஆனது. சோற்றில் போடும் உப்புக்கே இந்தச் சுமை என்றால், கூடை கூடையாக மீனுக்கு உப்புப் போடுகிற குடும்பம் என்ன செய்யும்? கழியோரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உப்பு மண்ணைச் சுரண்டி மீனில் தடவினார்கள். அதுவும் குற்றம் என்றது சட்டம். கண்ணெதிரே கடல், காலடியில் உப்பு, எடுத்தால் தண்டனை. உப்புக் குறைந்த மீன் அரைகுறையாகக் காய்ந்து, அழுகல் வாடையோடு சந்தைக்குப் போனது. அதைத் தின்றவர்களுக்கு நோய் வந்தபோது பழி மீனவர் தலையில் விழுந்தது.

சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்து மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே, இந்திய, பர்மியக் கடல் மீன்வளம் பற்றி 1873இல் வெளியிட்ட அறிக்கையில் உப்பு வரி மீன் பதப்படுத்துவதை எப்படி முடக்குகிறது என்பதைப் பதிவு செய்தார். அந்தப் பத்தாண்டிலேயே மாகாணக் கடற்கரையில் அரசின் மீன் உப்பிடும் கொட்டாய்கள் தோன்றின. வேலி போட்ட வளாகம். உள்ளே வரியில்லாத உப்பு மலிவாகக் கிடைக்கும். மீனை உள்ளேயே கொண்டுவந்து உப்பிட வேண்டும். உப்பை வெளியே எடுத்துப் போகக் கூடாது. கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய அறிக்கையால் பெயர்பெற்ற பிரடெரிக் நிக்கல்சன், 1907இல் தொடங்கிய சென்னை மீன்வளத் துறைக்குப் பொறுப்பேற்றபோது, கருவாட்டின் தரத்தையே தன் முதல் வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொண்டார். வேலிக்குள் எண்ணி அளந்து கொடுத்த சலுகைதான் என்றாலும், அது மீனைக் காப்பாற்றியது. 1947இல் உப்பு வரி ஒழிந்தது. அதோடு அந்தக் கொட்டாய்களுக்கு இருந்த காரணமும் போயிற்று.

உப்பு எளிதாகிவிட்ட பிறகும் காயப்போடுவது எளிதாகிவிடவில்லை. நான் அதிகம் மதிப்பது இந்தக் கட்டத்தைத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மணலில் மீனைப் பரப்பிவிட்டு ஒரு பெண் நிழலில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அவர் கண்கள் வானத்தில் இருக்கின்றன, காது காக்கைச் சத்தத்தில் இருக்கிறது, கை மீனின் ஈரத்தைச் சோதிக்கிறது. வெயில் முறுகி அடித்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. உச்சி வெயிலில் மீனின் மேல்தோல் சட்டென்று இறுகிப்போகும். உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. வெளியே கலகலவென்று காய்ந்தது போலிருக்கும் துண்டு, மூட்டைக்குள் போன பிறகு நடுவிலிருந்து அழுகத் தொடங்கும். அதனால் தடித்த துண்டுகளைக் காலை வெயிலில் போட்டு, வெயில் ஏறியதும் நிழலுக்கு மாற்றி, மறுபடி மாலையில் விரிப்பார்கள். இரவில் குவித்து மூடி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான்: உள்ளே மிஞ்சிய ஈரம் மெல்ல மேலே ஏறி எங்கும் பரவும், மறுநாள் வெயில் அதைக் குடித்துக்கொள்ளும். காய்ச்சல், பாடம், மறுபடி காய்ச்சல் என்று மாறி மாறி வந்தால்தான் கருவாட்டுக்குப் பதம் சேரும். அவசரப்பட்டால் மீன் காயும், கருவாடு ஆகாது.

காற்றின் பங்கு வெயிலுக்குக் குறைந்ததில்லை. சித்திரை வைகாசியில் நிலப்பக்கமிருந்து வரும் வறண்ட மேற்குக் காற்று ஒரே நாளில் நெத்திலியை முறுக்கிவிடும். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் காற்றில் ஈரம் ஏறும். அதற்குள் முதல் காய்ச்சல் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசி மழை பிடித்துவிட்டால் தொழில் அப்படியே படுத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017 முதல் அது 61 நாள். அந்த நாட்களிலும் மழைக்காலத்திலும் கரையோர வீடுகளில் அடுப்பில் கொதிக்கும் குழம்பு முன்பே காயவைத்து எடுத்துவைத்த கருவாட்டில்தான்.

இந்தக் காவல் வேலை எவ்வளவு பழையது என்பதற்குச் சங்க இலக்கியத்தின் நெய்தல் பாட்டுகளே சாட்சி. மணலில் காயும் மீனைப் பறவை கொத்தாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் அந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். காதலன் வந்து நிற்கும் இடமே அந்த மீன் காயும் களம்தான். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை பற்றிப் பெருமை பேசும் ஊர், அந்தப் பழமையை இன்னும் கையால் செய்துகொண்டிருக்கும் பெண்ணை ஏன் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

காய்ந்த பிறகும் எதிரிகள் உண்டு. ஈரமான மீனில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். நன்றாகக் காய்ந்ததில் ஒரு வகை வண்டு புகுந்து சதையைத் தின்றுவிட்டு முள்ளையும் தோலையும் விட்டுவைக்கும். உப்பிட்ட கருவாட்டில் சில சமயம் இளஞ்சிவப்பு நிறம் படரும். உப்பிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர்களின் வேலை அது, பெரும்பாலும் அழுக்கு உப்பிலிருந்து வருவது. இவற்றுக்குப் பயந்து பூச்சி மருந்து தெளிக்கும் கெட்ட பழக்கமும் இந்தத் தொழிலில் நுழைந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. வாங்குபவர் இவற்றைக் கவனித்தால் போதும்: வளைத்தால் நெத்திலி பட்டென்று ஒடிய வேண்டும், பெரிய துண்டு வளைந்து நிமிர வேண்டும், முகர்ந்தால் கடல் வாசம் வர வேண்டும். தொட்டால் பிசுபிசுக்கும் கருவாட்டை வாங்காதீர்கள்.

கோணியில் ஏறிய கருவாடு இங்கிருந்து இரண்டு வழியில் பிரிகிறது. வியாபாரி மொத்தமாக எடுத்தால் லாரியில் ஏறி உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போகும். மற்றது தலைச்சுமை வழி. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து ஊர்களுக்கும், எண்ணூர் ரயில் பாதையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் தெருக்களுக்கும் அன்னக்கூடையோடு நடக்கும் பெண்களின் வழி. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையின் சரக்கு பலவும் பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் பட்டணம் போனது. 1806இல் எண்ணூர் வரை வெட்டிய அந்தக் கால்வாய், 1876-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டப்பட்டது. இன்று அதில் படகு போகும் நீரும் இல்லை, ஆழமும் இல்லை. தெற்கே தூத்துக்குடிக் கரையிலிருந்து கருவாடு இலங்கைக்கே கப்பலேறியது. மலையகத் தோட்டங்களில் கூலி வேலை செய்த தமிழர்களின் தட்டுக்கு எட்டிய கடல் அதுதான்.

தெருவில் நடக்கும் பேரத்தைக் கேட்டால் கருவாட்டின் தரம் பற்றிய பாடமே கிடைக்கும்.

"ஆயா, நெத்திலி கூறு எவ்ளோ?"

"நாப்பது ரூபா கண்ணு. மண்ணே இல்ல பாரு, வலை மேல காயவெச்சது."

"போன தடவ ஒரே உப்பு ஆயா."

"அது வாளை. உப்பில்லாத வாளைய எவன் தருவான்? சுடுதண்ணியில போட்டு அலசு, சரியாப் போய்டும்."

அந்த ஆயா சொன்னதுதான் சமையலின் முதல் பாடமும். வெந்நீரில் ஊறவைத்து, தலையைக் கிள்ளி, மண் போக அலச வேண்டும். வாளைக்கு மாங்காய், நெத்திலிக்குக் கத்திரிக்காயும் மொச்சையும், சென்னாக்குன்னி என்ற பொடி இறாலுக்கு வெறும் வெங்காயமும் காய்ந்த மிளகாயும். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததோடு ஒரு சுட்ட கருவாட்டுத் துண்டு இருந்தால், துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகும் உடம்புக்கு அது போதும். தண்ணீர் போன பிறகு மீனில் மிஞ்சுவது பெரும்பாலும் புரதம். முள்ளோடு தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே வரும். ஏழை வீட்டுக் குழந்தைக்கு இதைவிட மலிவாக இவ்வளவு சத்தைக் கொடுக்கும் பொருளை நான் அறியேன்.

ஆனால் அதன் வாசனையை வைத்து மனிதர்களைத் தள்ளி வைக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. வாடகை வீட்டில் கருவாடு சமைக்கக் கூடாது என்பவர்கள் நகரமெங்கும் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, முதல்வரே கண்டித்தார். அந்தச் சம்பவம் படமானதால் வெளியே தெரிந்தது. கூடையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து வண்டியை நிறுத்தாமல் போகும் ஓட்டுநர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

இனி அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எங்கே காயப்போடுவது?

வடசென்னையின் மணல் போன கதை 1870களில் தொடங்குகிறது. சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் கல் கரை கட்டினார்கள். இந்தக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல் கரை அதைத் தடுத்ததும் தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போயிற்று; வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கடலுக்குக் கரையை இழந்தன. மெரினாவில் நாம் சுண்டல் தின்று உட்காரும் மணலில் ஒரு பங்கு வடக்கே மீன் காய வேண்டிய மணல். இன்று வடக்கே பாறாங்கற்களைக் கொட்டித்தான் கரையைக் காக்கிறார்கள். பாறாங்கல் மேல் நெத்திலியைப் பரப்ப முடியாது. அதனால் சாலையோரத்திலும் மொட்டை மாடியிலும் தார்ப்பாய் விரித்துக் காயவைக்கிறார்கள்.

மணல் மிஞ்சியிருந்த வடக்கே வரிசையாகப் பெரிய திட்டங்கள் வந்தன. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறந்தது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. கப்பல் கட்டும் தளத்தோடு சேர்ந்த காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இல் இயங்கத் தொடங்கியது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் கடலோரத்திலிருந்து இடம் மாற்றப்பட்டன. 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அடுத்து, அதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தை முன்வைத்தார்கள். மீனவக் கிராமங்கள் கடுமையாக எதிர்த்தன.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கக் கூடாது என்று 2011இல் நீதிமன்றம் தடுத்தது. ராயபுரத்து மக்கள் மூச்சு விட்டார்கள். அந்த நிலக்கரி எண்ணூருக்கு நகர்ந்தது. ஈரமான மீன் தோலில் காற்றில் வரும் எதுவும் ஒட்டிக்கொள்ளும். சாம்பலும் கரித்தூளும் அதில் அடக்கம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் முகத்துவாரத்துக்குள் இறங்கியது. இரண்டு முறையும் வலை போனது, மீன் போனது என்று கணக்கெடுத்தார்கள். எண்ணெய் படிந்த மணலில் மறுபடி எப்போது மீனைப் பரப்பலாம் என்பதும் கரைப் பெண்களுக்கு வாழ்க்கைக் கேள்விதான். இழப்பீடு படகுக்கும் வலைக்கும் பேசப்படும் அளவுக்கு மீன் காயும் களத்துக்குப் பேசப்படுவதில்லை. படகு ஆண் பெயரில் இருக்கிறது, களம் யார் பெயரிலும் இல்லை என்பதுதான் இதற்குக் காரணம் என்பேன்.

வெயில் உலர்த்திகள் வந்துவிட்டனவே என்பவர்கள் உண்டு. கொச்சியிலுள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் நல்ல உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. மண் ஒட்டாது, ஈ மொய்க்காது, மழையிலும் வேலை நடக்கும். உயரமான கம்பிப் பரண்களும் அப்படித்தான். இவை வேண்டும், இன்னும் மலிவாக வேண்டும். ஆனால் வரத்து பொங்கிய நாளில் ஒரு கிராமமே சேர்ந்து பரப்பும் நெத்திலியை எந்தப் பெட்டிக்குள்ளும் அடைக்க முடியாது. பரணை நிறுத்தவும் தரை வேண்டும்.

2011 ஜனவரி 6 அன்று வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அந்தத் தரையைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருந்தது. கடற்கரை மேலாண்மைத் திட்டத்தின் உள்ளூர் வரைபடங்களில் மீனவக் கிராமங்களோடு அவர்களுடைய பொது இடங்களையும், மீன் காயவைக்கும் மேடைகளையும் பகுதிகளையும் குறிக்க வேண்டும் என்றது அது. சட்டம் கேட்டது இதுதான்: மீன் எங்கே காய்கிறது என்று காட்டு. வரைபடத்தில் காலி மணலாகத் தெரியும் இடத்தைத் திட்டத்துக்கு எடுப்பது எளிது. மீன் காயும் களம் என்று பெயரெழுதி எல்லை போட்ட இடத்தை எடுக்க, எடுப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

காட்டுப்பள்ளியிலிருந்து காசிமேடு வரை ஒவ்வொரு குப்பத்திலும் மீன் காயும் இடத்தை அந்தந்த ஊர்ப் பெண்களை நடக்கவிட்டு, அவர்கள் காட்டும் எல்லையைச் சர்வே எண்ணோடு வரைபடத்தில் ஏற்ற வேண்டும். மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையமும் மீன்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைதான் இது. வரைவு வரைபடங்கள் மக்கள் கருத்துக்கு வரும்போது, கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிற நாமும் அவற்றைத் திறந்து பார்த்து, இந்தக் களங்கள் அதில் இருக்கின்றனவா என்று கேட்டு எழுதுவோம்.